உறைபனி ஊர்களில் செங்கல் சுவரைப் பழுது பார்ப்பது: முதல்முறை கைவைப்பவர்களுக்கு

பனி உருகி முடிந்ததும் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, சுவரோரத் தரையைப் பாருங்கள். மணல் மாதிரி பொடி கிடந்தால் அது சாந்து. சிவப்பாக, ஓட்டுச் சில்லு மாதிரி மெல்லிய துண்டுகள் கிடந்தால் அது செங்கல்லின் முகம். பொடி கிடந்தால் கவலைப்பட வேண்டாம், அது வழக்கமான பராமரிப்பு வேலை. சில்லு கிடந்தால் சுவரில் வேறு எதுவோ கெட்டிருக்கிறது.

காய்ந்த செங்கல்லை எந்தக் குளிரும் ஒன்றும் செய்யாது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். செங்கல்லின் நுண்துளைகள் தண்ணீரால் நிறைந்திருக்கும்போது உறைந்தால், பருக்க இடமில்லாமல் அது சுற்றியுள்ளதைத் தள்ளுகிறது. பகலில் உருகி, இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் குடித்து, இரவில் மறுபடி உறைகிறது. இப்படி ஒரே குளிர்காலத்தில் பல தடவை நடந்தால் முகம் பிளந்து விழுகிறது. அதனால்தான் மாதக்கணக்கில் உறைந்தே கிடக்கும் ஊரைவிட, வெப்பநிலை சுழியத்துக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும் ஊரில் சுவர் சீக்கிரம் நோகும். ஒரே வீட்டில்கூட, குளிர்காலத்தில் வெயில் விழும் பக்கம் நிழல் பக்கத்தைவிட அதிகம் அடிபடுவதுண்டு.

இதில் சாந்தின் வேலை என்ன? கற்களை ஒட்டவைப்பது ஒன்று. சுவர் அசையும்போது அந்த அசைவைத் தான் வாங்கிக்கொள்வதும், உள்ளே போன ஈரத்தைத் தன் வழியாக வெளியே விடுவதும் மற்றவை. சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருந்தால்தான் இவை நடக்கும். கெடுவதானால் சாந்து கெடட்டும், அதை மாற்றுவது சுலபம். நான் முதல்முறை இந்த வேலை செய்தபோது இது தெரியாது. கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைத்து, பழைய சுவரில் கடுமையான சிமென்ட் கலவையைத் திணித்துவைத்தேன். இரண்டு குளிர்காலம் போனது. சாந்து கோடு கோடாக அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது, நடுவில் இருந்த கற்கள் குழிந்துபோயிருந்தன. ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியாகவே போய், கல்லுக்குள்ளேயே உறைந்திருக்கிறது. அந்தக் கலவையைக் கொத்தி எடுக்கும்போது நல்ல கற்களும் உடைந்தன.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

சாந்தைத் தொடுவதற்கு முன் இதை முடிக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று வருடத்தில் அதே இடத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பீர்கள். நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்று பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை கிடையாது.

மேலிருந்து கீழே வாருங்கள். கூரை ஓரத்துப் பீலி அடைத்துக்கொண்டு வழிகிறதா? இறங்கு குழாயின் இணைப்பு கசிகிறதா? கூரையும் சுவரும் சேரும் இடத்துத் தகடு தூக்கிக்கொண்டிருக்கிறதா? ஜன்னலுக்குக் கீழே உள்ள படிக்கல் வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா, அதன் அடிப்பக்கத்தில் தண்ணீர் சொட்டி விழுவதற்கான காடி இருக்கிறதா? அந்தக் காடி வண்ணப்பூச்சினாலோ சாந்தினாலோ அடைபட்டிருந்தால், தண்ணீர் படிக்கல்லின் அடியைப் பற்றிக்கொண்டே ஓடி நேராகச் சுவருக்குள் இறங்கும்.

தரை மட்டத்தில் இரண்டு விஷயம். மண்ணும் நடைபாதையும் வீட்டைவிட்டு விலகிச் சரிய வேண்டும், 3 மீட்டருக்கு 15 செ.மீ. இறங்கினால் போதும். பூச்செடிக்காக மண்ணைச் சுவரோடு ஏற்றி வைத்திருந்தால் வெட்டி இறக்குங்கள். அடுத்தது உப்பு. நடைபாதைப் பனிக்கட்டியைக் கரைக்கத் தூவும் உப்பு தெறித்துச் சுவரில் ஏறினால், ஈரம் காய்ந்து உப்பு செங்கல்லுக்குள் படிகமாகும்போது அதுவும் உறைபனி மாதிரியே உள்ளிருந்து தள்ளும். வாசற்படி ஓரத்தில் முழங்கால் உயரம் வரை மட்டும் கல் உதிர்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். அங்கே உப்புக்குப் பதிலாக மணல் தூவலாம். அள்ளும் பனியைச் சுவர்மேல் குவிக்காமல் தள்ளிக் கொட்டுங்கள்.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அது உள்ளே தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. காய்ந்த நாளில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளிவிட்டு, தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய் மறுபடி பூக்கும்.

இது எந்த மாதிரிச் சுவர்?

செங்கல் வரிசைகளை உற்றுப் பாருங்கள். சில வரிகளில் கல்லின் குறுகிய முனை தெரிந்தால், அது பெரும்பாலும் இரண்டு கல் கனத்தில் கட்டிய முழுச் சுவர். எல்லாக் கல்லும் நீளவாக்கில் மட்டும் தெரிந்து, அடிவரியிலும் ஜன்னல்களுக்கு மேலேயும் சீரான இடைவெளியில் சாந்தில்லாத சிறு திறப்புகள் இருந்தால், செங்கல் வெறும் வெளிப்போர்வை. அதற்குப் பின்னால் காற்றிடைவெளியும், அதற்கும் பின்னால் மரச்சட்டமோ கான்கிரீட் கல்லோ இருக்கும்.

அந்தச் சிறு திறப்புகள் மறந்துபோய் விட்டவை அல்ல. செங்கல்லைத் தாண்டி உள்ளே போகும் தண்ணீர் வடிந்து வெளியேற விட்ட வழி அது. பூச்சி வருகிறது என்று அதில் சாந்து வைத்து அடைப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஜன்னல் லிண்டலின் இரும்புப் பட்டைக்கும் அதன் மேலுள்ள செங்கல்லுக்கும் நடுவில் தெரியும் கோட்டையும் அடைக்காதீர்கள். தண்ணீர் அங்கே தேங்கினால் இரும்பு துருப்பிடிக்கும், துரு பருத்துச் சுவரையே தூக்கிவிடும். மேலிருந்து கீழ்வரை நேராக ஓடும், ரப்பர் மாதிரி பசை நிரப்பிய கோடு இருந்தால் அது சுவர் விரிந்து சுருங்குவதற்கான இடம். அது கெட்டிருந்தால் மறுபடி நெகிழும் பசைதான் வைக்க வேண்டும், சாந்து கூடாது.

விரிசல் இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். சாந்து வழியாகப் படிக்கட்டு மாதிரி ஏறும் முடி அளவு விரிசல் சாதாரணம். ஒரு முனை அகன்று மறுமுனை குறுகியது, கற்களையே பிளந்துகொண்டு போவது, 5 மி.மீ.க்கு மேல் வாய்விட்டது, சுவர் வெளியே பிதுங்குவது இவையெல்லாம் அடித்தளம் அல்லது இரும்புப் பிணைப்புகளின் பிரச்சினையாக இருக்கலாம். அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர்தான் வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டு, தேதியும் அகலமும் எழுதி வைத்து ஒரு வருடம் கவனியுங்கள். அசைந்துகொண்டிருக்கும் விரிசலில் சாந்து வைப்பது வீண்.

எந்தச் சாந்து?

கடையில் பையின் மேல் எழுதியிருக்கும் எழுத்துகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்க வழக்கில் எம், எஸ், என், ஓ, கே என்று வலிமையில் இறங்கிக்கொண்டே போகும். மேசன் வொர்க் என்பதன் ஆங்கில எழுத்துகளில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துவைத்த பெயர்கள் இவை. அளவு தெரிய ஒன்று சொல்கிறேன்: எம் வகைக்கு எதிர்பார்க்கும் அழுத்த வலிமை சதுர அங்குலத்துக்கு 2500 பவுண்டு, என் வகைக்கு 750, ஓ வகைக்கு 350. ஐரோப்பிய வழக்கில் எம் 2.5, எம் 5, எம் 10, எம் 15 என்று எண்ணாக இருக்கும், எண் கூடினால் கடினம் கூடும். இரண்டு வழக்கிலும் எம் என்ற எழுத்து வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய வீடு, கடினமாகச் சுட்ட கல் என்றால் என் வகை பொருந்தும். ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். கொஞ்சம் பழையது, கல் மென்மையானது என்றால் ஓ வகை: ஒன்று, இரண்டு, ஒன்பது. போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல்தான். அது வீட்டுச் சாந்தில் பரவலாகப் புகுந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. ஆகவே நூறு வயது தாண்டிய வீட்டில் வெறும் சுண்ணாம்புச் சாந்து இருக்க நல்ல வாய்ப்புண்டு. வெளுத்த நிறம், சாவியால் கீறினால் பொடியாக உதிர்வது, நடுவில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி தெரிவது இவை அடையாளம். அங்கே சுண்ணாம்புச் சாந்தே வையுங்கள். நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு 2, 3.5, 5 என்ற எண்களில் பையாக வருகிறது. மென்மையான கல்லுக்குச் சிறிய எண். பழைய கல்லுக்கு எம், எஸ் வகைகளைத் தொடவே வேண்டாம்.

நிறம் பெரும்பாலும் மணலிலிருந்து வருகிறது. பழைய சாந்தில் ஒரு துண்டை உடைத்து மணலின் நிறத்தையும் பருமனையும் பார்த்து அதற்கு நெருங்கியதாக வாங்குங்கள். முதலில் ஒரு சிறு வில்லை செய்து முழுதாகக் காயவிட்டு ஒப்பிடுங்கள். ஈரத்தில் பார்த்தால் எந்தக் கலவையும் கருமையாகத்தான் தெரியும்.

எப்போது செய்வது

5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் என்றால் செய்யாதீர்கள். வேலை செய்யும் பகல் மட்டுமல்ல, அடுத்த சில இரவுகளும் அதற்கு மேல் இருக்க வேண்டும். சுண்ணாம்பு இன்னும் மெதுவாக இறுகும், காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் அது முழுக்கக் கல்லாகிறது. அதனால் சுண்ணாம்பு வேலையை உறைபனி தொடங்குவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது. வசந்தத்தின் பின்பாதியும் கோடையின் மந்தமான நாட்களும் வாகானவை. கொளுத்தும் வெயிலும் ஆகாது.

குளிரில் சீக்கிரம் இறுக வைக்கும் என்று கால்சியம் குளோரைடு கலந்த பொருளைச் சேர்க்கச் சொல்வார்கள். அது சுவருக்குள் இருக்கும் இரும்புப் பிணைப்பை அரிக்கும், மேலே வெள்ளையாகப் பூக்கவும் வைக்கும். அவசரம் என்றால் தார்ப்பாய் கட்டி உள்ளே சூடு வைத்துச் செய்யும் கொத்தனார்கள் உண்டு. முதல்முறை செய்பவர் அந்த வம்புக்குப் போக வேண்டாம்.

பழைய சாந்தை எடுப்பது

கையில் இருக்க வேண்டியவை: கற்களுக்கு நடுவே சாந்து இருக்கும் இடுக்கின் அகலத்தைவிடக் குறுகிய உளி, சுத்தியல், இடுக்குக்குள் நுழையும் ஒடுங்கிய கரண்டி, சாந்து ஏந்தும் பலகை, தெளிப்பான், கம்பியில்லாத விறைப்பான பிரஷ். கண்ணாடியும் கையுறையும் சொல்லவே வேண்டாம். சாந்துத் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் போகாது, அது தரும் நோய்க்குத் தீர்வும் கிடையாது. துணி முகக்கவசம் போதாது, நுண்தூளை வடிகட்டும், முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் சுவாசக்கவசம் தேவை. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எவ்வளவு ஆழம்? இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு. 10 மி.மீ. இடுக்கு என்றால் 20 முதல் 25 மி.மீ. அதற்கு மேலும் பொடியாக இருந்தால் கெட்டியான சாந்து தட்டுப்படும்வரை போங்கள். மேலாக அரை விரல் ஆழம் சுரண்டிப் பூசிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், அடுத்த குளிரில் பட்டை பட்டையாகக் கழன்று விழும். எடுத்த பள்ளத்தின் பின்பக்கம் சதுரமாக இருக்கட்டும், குழாய் மாதிரி வளைந்திருந்தால் புதுச் சாந்து பிடிக்காது.

ஆங்கிள் கிரைண்டர் வேகமானதுதான். ஆனால் அதை நீளமான கிடை இடுக்குகளில் நடுக்கோட்டை மட்டும் வெட்டப் பயன்படுத்தி, ஓரங்களை உளியால் எடுங்கள். செங்குத்து இடுக்குகளில் கொண்டுபோகவே கூடாது. அரை நொடி கை பிசகினாலும் மேல் கல்லிலும் கீழ்க் கல்லிலும் வெட்டு விழும், அந்தத் தழும்பை மறைக்க வழியில்லை. நான் இப்போது பழைய சுவரென்றால் முழுக்க உளிதான். நல்ல சாந்தை எடுக்க வேண்டியதில்லை, கெட்ட இடத்தை மட்டும் எடுத்தால் போதும். ஒரு நாளில் நிரப்பி முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் திறக்காதீர்கள். புதியவருக்கு ஒன்றிரண்டு சதுர மீட்டரே ஒரு நாள் வேலை.

பிறகு தூளை முழுக்கத் தட்டி, ஊதி, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கலப்பதும் நிரப்புவதும்

சிமென்ட் சேர்ந்த கலவை என்றால் முதலில் எல்லாவற்றையும் உலரவே நன்றாகக் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். பிறகு மிச்சத் தண்ணீரைச் சேர்த்துப் பதமாக்குங்கள். இப்படிச் செய்தால் காயும்போது சுருக்கம் குறையும். கட்டுமானச் சாந்தைவிட இது இறுக்கமாக இருக்க வேண்டும்: கரண்டியைச் சாய்த்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும், கல்லின் முகத்தில் பட்டாலும் வழிந்து கறையாக்காது. கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்கி ஓட்டக் கூடாது.

இடுக்கை முன்கூட்டியே நனைத்திருக்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை ஒரே இழுப்பில் குடித்துவிடும், சாந்து இறுகாமல் மணலாகவே நிற்கும். ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் தேங்கி மினுங்கக் கூடாது.

அதிக ஆழமான குழிகளை முதலில் நிரப்பி மற்ற இடத்தோடு சமமாக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு தடவையும் 6 மி.மீ. கனம் மட்டும் வைத்து, பின்பக்கம் மூலைவரை போகும்படி அழுத்துங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை மட்டும் பதிந்து சாந்து விரலில் ஒட்டாத நிலை வந்ததும் அடுத்த அடுக்கு. ஒரே தடவையில் முழு ஆழத்தையும் நிரப்பினால் முகப்பு மூடிக்கொள்ளும், பின்னால் காற்றுப்பை நிற்கும். அங்கேதான் தண்ணீர் போய் உட்காரும். பொறுமை சோதிக்கும் கட்டம் இதுதான். இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றிச் செய்தால் காத்திருக்கும் நேரம் வீணாகாது.

கடைசி அடுக்கும் அதே விரல் பதத்துக்கு வந்ததும், வளைந்த இரும்பால் லேசாக அழுத்தி இழுத்து உட்குழிவாக்குங்கள். செங்குத்து இடுக்குகள் முதலில், கிடை இடுக்குகள் பிறகு. உட்குழிவு தண்ணீரை நன்றாகத் தள்ளிவிடும், அழுத்துவதால் மேற்பரப்பும் இறுகும். பழைய கற்களின் ஓரம் தேய்ந்து உருண்டிருந்தால் சாந்தைக் கல்லின் முகம்வரை கொண்டுவராதீர்கள், சற்று உள்ளேயே நிறுத்துங்கள். இல்லையென்றால் தேய்ந்த ஓரத்தின்மேல் சாந்து காகிதம்போல் மெல்லியதாகப் பரவும், அந்த விளிம்புதான் முதலில் பெயர்ந்து தண்ணீருக்கு வாசல் திறக்கும். மேலே சிதறியதை விறைப்பான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ஈரத்துணியால் தேய்த்தால் கல் முழுக்க வெள்ளையாகும்.

வேலை இத்தோடு முடியாது. குறைந்தது மூன்று நாள் தெளிப்பானால் நனைத்து, ஈரச் சணல் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலும் காற்றும் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு என்றால் ஒரு வாரத்துக்கு மேலாகவும்.

முகம் போன கல்

செங்கல்லின் வெளிமுகம் சூளையில் அதிகம் வெந்து இறுகிய தோல். அது போய்விட்டால் உள்ளே இருப்பது பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். சிமென்ட் பூசி மறைத்தால் அந்தப் பூச்சு அதே உதிரும் பரப்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், கூடவே ஈரத்தையும் அடைத்துவைக்கும். கல்லையே மாற்றுவதுதான் சரி.

சுற்றியுள்ள சாந்தில் வரிசையாகத் துளையிட்டு, உளியால் மிச்சத்தை எடுத்து, கல்லைத் துண்டுதுண்டாக உடைத்து வெளியே எடுங்கள். முழுதாகக் கழற்ற முடிந்தால் திருப்பிப் பாருங்கள், பின்முகம் பல நேரம் புதிது மாதிரி இருக்கும். அதையே திருப்பி வைத்துவிடலாம், நிறம் தேடி அலைய வேண்டியதில்லை. போர்வைச் சுவராக இருந்தால் உடைசல் பின்னால் உள்ள காற்றிடைவெளிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு கல்லுக்கு மேல் எடுக்காதீர்கள். லிண்டலுக்கு மேலே, ஜன்னல் மூலையில் என்றால் அதுவும் வேண்டாம், கொத்தனாரைக் கூப்பிடுங்கள். குழியைச் சுத்தம் செய்து நனைத்து, அடியில் சாந்து பரப்பி, புதுக் கல்லின் மேலும் பக்கங்களிலும் சாந்து தடவிப் பலகையில் ஏந்தி உள்ளே தள்ளி, மிச்ச இடைவெளியை அடுக்கடுக்காக நிரப்புங்கள்.

கல் வாங்கும்போது உறைபனிக்கான தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்கத் தரத்தில் எஸ்.டபிள்யூ, ஐரோப்பியத் தரத்தில் எஃப் 2 என்று இருக்கும். இடித்த வீட்டுப் பழைய கல் அழகாக இருக்கிறதே என்று வாங்குபவர்கள் கவனிக்க: அதில் பாதி உட்சுவரில் இருந்த, சரியாக வேகாத கல்லாக இருக்கலாம். வெளியில் வைத்தால் சில குளிர்காலங்களிலேயே கரைந்துவிடும்.

செய்யக் கூடாதவை சில

அழுத்தம் கூடிய தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுவதும், மணல் பீய்ச்சித் தேய்ப்பதும் அந்த வெந்த தோலை உரித்துவிடும். செங்கல்லுக்கு வண்ணம் அடிப்பது, மேலே படலமாக நிற்கும் பூச்சு அடிப்பது இரண்டும் ஈரத்தை உள்ளே பூட்டும். தண்ணீரை ஒட்டவிடாத சிலேன், சிலாக்சேன் வகைப் பூச்சுகள் ஆவியை வெளியே விடும் என்பது உண்மை. ஆனால் அவை விரிசலையும் விழுந்த சாந்தையும் மூடாது. பழுது பார்த்த பிறகும் காற்றும் மழையும் ஓயாமல் அறையும் சுவருக்கு அவை உதவலாம், மற்றபடி பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

புகைபோக்கி மட்டும் தனி. நாலு பக்கமும் மழை, காற்று, பனி, உள்ளேயிருந்து புகையோடு வரும் ஈரம் எல்லாம் சேர்ந்து வீட்டிலேயே முதலில் கெடுவது அதுதான். உச்சியில் உள்ள கான்கிரீட் மூடி கல்லைத் தாண்டி 5 செ.மீ. அளவு நீட்டிக்கொண்டு, அடியில் சொட்டுக்காடியோடு இருக்க வேண்டும். மூடி வெடித்திருந்தால் கீழே எத்தனை முறை சாந்து வைத்தாலும் நிற்காது. தரையில் நின்று தொலைநோக்கியால் பார்த்து நிலைமையைத் தெரிந்துகொள்ளுங்கள், மேலே ஏறும் வேலையைப் பழகியவர்களிடம் விடுங்கள். புகைக்குழாய்க்குள் உடைசல் விழுந்து அடைத்தால் நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பும் என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

புதிதாகச் சாந்து வைத்த இடங்களைக் கைபேசியில் படம் எடுத்து, கலவை விகிதத்தையும் மணலின் பெயரையும் தேதியோடு எழுதி வையுங்கள். இலையுதிர் காலத்தில் பீலியைச் சுத்தம் செய்யும்போது ஒருமுறை, பனி உருகியதும் ஒருமுறை, அந்தப் படங்களோடு சுவரை ஒப்பிட்டால் எது புதிதாக உதிர்ந்தது, எது முன்பே இருந்தது என்று குழப்பம் வராது.